ஊசிக்குப் பிறகு பேச்சு போனது என்றால், ஊசியால்தான் போனதா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டது, 4 ஜனவரி 2026

மூத்தவனுக்கு மூன்றரை வயது. ஒன்றரை வயதில் பூஸ்டர் ஊசி போட்டோம். அடுத்த மாதமே அவன் பேசிக்கொண்டிருந்த நாலு வார்த்தையும் நின்றுவிட்டது. இப்போது ஆட்டிசம் என்கிறார்கள். பாப்பாவுக்கு இந்த மாதம் ஒன்பது முடிகிறது. தட்டம்மை ஊசிக்குப் புதன்கிழமை வரச்சொல்லி நர்சம்மா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். மாமியார் வேண்டவே வேண்டாம் என்கிறார். வீட்டுக்காரர், "லண்டன் டாக்டரே நிரூபித்திருக்கிறார், பாரு" என்று வீடியோ காட்டுகிறார். மூத்தவனுக்கு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். போடலாமா அக்கா?

5 ஜனவரி, இரவு

போடுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

என் மகனுக்கு இப்போது பதினான்கு வயது. ஒரு தனியார் மருத்துவரிடம் பதினைந்தாம் மாதம் எம்.எம்.ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி) போட்டோம். பதினெட்டு மாதம் ஆவதற்குள் 'காக்கா', 'டாட்டா', 'தா' எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. அதனால் நீங்கள் கண்ணால் பார்த்ததைப் பிரமை என்று யார் சொன்னாலும் நான் சொல்ல மாட்டேன். அது நடந்தது. ஊசி முன்னால், பேச்சு போனது பின்னால். முன்னால் வந்தது பின்னால் வந்ததை உண்டாக்கியதா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைப் பெற்றோர்கள் கேட்டார்கள், ஆராய்ச்சியாளர்களும் அதை ஒதுக்கிவிடவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக, லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்துத் தேடினார்கள். தொடர்பு கிடைக்கவில்லை.

லண்டன் டாக்டர் கதை நீளமானது. நாளை எழுதுகிறேன். புதன்கிழமைக்கு அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

6 ஜனவரி

அவர் பெயர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் குடல் நோய்களை ஆராய்ந்தவர். 1998 பிப்ரவரியில் 'லான்செட்' இதழில் அவரும் இன்னும் பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் இருந்தது மொத்தம் 12 குழந்தைகள். ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத குழந்தைகள் என்று ஒரு குழு கிடையாது. எட்டுக் குழந்தைகளின் விஷயத்தில், பிள்ளைகளின் பேச்சும் பழக்கமும் மாறியதை எம்.எம்.ஆர் ஊசியோடு பெற்றோர்கள் தொடர்புபடுத்தினார்கள் என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான் ஆதாரம். இந்த ஊசிக்கும் தாங்கள் விவரித்த குறைபாட்டுக்கும் தொடர்பு இருப்பதாக நிரூபிக்கவில்லை என்று அந்தக் கட்டுரையே சொல்கிறது. "நிரூபித்துவிட்டார்" என்கிற வீடியோ எதிலும் அந்த வரியை நான் பார்த்ததில்லை.

கட்டுரையைவிடப் பத்திரிகையாளர் சந்திப்புதான் தீயைப் பற்றவைத்தது. மூன்று நோய்க்கும் சேர்த்து ஒரே ஊசியாகப் போடாதீர்கள், தனித்தனியாகப் போடுங்கள் என்று அங்கே சொன்னார்.

2004ல் பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் 'சண்டே டைம்ஸ்' ஞாயிறு பத்திரிகையில் உள்கதையை எழுத ஆரம்பித்தார். தடுப்பூசி தயாரிப்பாளர்கள் மேல் வழக்குப் போட ஒரு வழக்கறிஞர் பெற்றோர்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். அவருக்காக வேக்ஃபீல்டு வேலை செய்ததும், அதற்குச் செலவு போக 4,35,000 பவுண்டுக்கு மேல் வாங்கியதும் பின்னால் தெரியவந்தது. அது வசதியில்லாதவர்களுக்கான அரசாங்கச் சட்ட உதவிப் பணம். 1997லேயே, அதாவது கட்டுரை வருவதற்கு முந்தைய வருஷமே, தட்டம்மைக்கான ஒரு தனித் தடுப்பூசிக்குக் காப்புரிமை கேட்டிருந்தார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. தனித்தனியாகப் போடுங்கள் என்று சொன்னவர், தனி ஊசிக்கு உரிமை கேட்டு வைத்திருக்கிறார்!

மகனின் பிறந்தநாள் விழாவுக்கு வந்த குழந்தைகளிடம் ஆளுக்கு 5 பவுண்டு கொடுத்து ரத்தம் எடுத்ததும் விசாரணையில் வந்தது. 2004லேயே உடன் எழுதியவர்களில் பத்துப் பேர், ஊசியைத் தொடர்புபடுத்திய விளக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2010 பிப்ரவரியில் 'லான்செட்' முழுக் கட்டுரையையும் திரும்பப் பெற்றது. மே மாதம் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் அவர் பெயரை மருத்துவர் பட்டியலிலிருந்து நீக்கியது. 2011ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' அந்தக் குழந்தைகளின் பதிவேடுகளையும் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. ஐந்து குழந்தைகளுக்கு ஊசி போடுவதற்கு முன்பே வளர்ச்சி பற்றிய கவலை பதிவாகியிருந்தது. அந்த இதழ் இதை மோசடி என்றே எழுதியது.

உங்கள் வீட்டுக்காரர் காட்டிய வீடியோவில் இருப்பவர் இவர்தான்.

6 ஜனவரி, கொஞ்சம் கழித்து

இன்னொன்று விட்டுப்போனது. வேக்ஃபீல்டு சொன்ன "தனி ஊசி" நம் ஊரில் புதிது இல்லை. இந்திய அரசுத் திட்டத்தில் 1985லிருந்து 2017 வரைக்கும் தட்டம்மைக்குத் தனி ஊசிதான். பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து அரசு ஊசியில் இன்றைக்கும் கிடையாது. இப்போது போடுவது எம்.ஆர், தட்டம்மையும் ரூபெல்லாவும் (ஜெர்மன் தட்டம்மை) மட்டும். அந்த முப்பது வருஷத்தில் பி.எச்.சி.யில் தனி ஊசி மட்டும் போட்டுக்கொண்ட குழந்தைகளிடையேயும் ஆட்டிசம் இருந்தது. அப்படிப்பட்ட பிள்ளைகளின் அம்மாக்களோடுதான் நான் தெரபி சென்டர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

7 ஜனவரி

கீழே ஒரு ஐயா, "லண்டன் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது, அதை ஏன் மறைக்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறார். விடுதலை ஆனது வேக்ஃபீல்டு இல்லை. அவரோடு பணியாற்றிய ஜான் வாக்கர் ஸ்மித் என்ற மூத்த குழந்தை மருத்துவர். அவர் மேல் எடுத்த நடவடிக்கை சரியாக நிறுவப்படவில்லை என்று 2012ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே தீர்ப்பில், எம்.எம்.ஆருக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு என்ற கருத்துக்கு மதிப்புள்ள மருத்துவ ஆதரவு எதுவும் இப்போது இல்லை என்றும் நீதிபதி எழுதியிருக்கிறார். ஐயா, தீர்ப்பை முழுதாகப் படியுங்கள்.

8 ஜனவரி

அப்படியானால் ஏன் இத்தனை அம்மாக்களுக்கு ஒரே மாதிரி நடக்கிறது? இதைத்தான் நான் வருஷக்கணக்கில் யோசித்தேன்.

ஆட்டிசத்தின் அறிகுறிகள் வெளியே தெரிய ஆரம்பிக்கும் வயது ஒன்றிலிருந்து இரண்டு. சில குழந்தைகள் கற்ற வார்த்தைகளை இழப்பதும் இந்த வயதில்தான். நம் ஊரில் ஒன்பது மாதம், அப்புறம் பதினாறிலிருந்து இருபத்து நாலு மாதம் என்று ஊசிகள் வருவதும் அதே வயதில்தான். எல்லாக் குழந்தைக்கும் ஊசி போடுகிற ஊரில், பேச்சு நிற்கப்போகிற குழந்தைக்கும் அதற்குச் சற்று முன்னால் ஏதாவது ஒரு ஊசி போட்டிருப்பார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

இதைக் கேட்டபோது எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. என் பிள்ளை பனம்பழமா என்று. அப்புறம் ஒரு நாள் அவனுடைய முதல் பிறந்தநாள் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். எம்.எம்.ஆருக்கு மூன்று மாதம் முன்னால் எடுத்தது. அத்தனை பேரும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மெழுகுவர்த்திச் சுடரையே பார்க்கிறான். அவன் தாத்தா கைதட்டுகிறார், விசில் அடிக்கிறார், முகத்துக்கு நேராக வந்து நிற்கிறார். தாத்தாவைத் தாண்டிச் சுடரைப் பார்க்கிறான். விரல் நீட்டி எதையும் காட்டவில்லை, ஒரு தடவைகூட. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் "எவ்வளவு அமைதி பாரு, சாமி மாதிரி" என்று பெருமைப்பட்டோம்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1994ல் அமெரிக்காவில் ஆஸ்டர்லிங், டாசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையேதான் செய்தார்கள். பின்னால் ஆட்டிசம் என்று தெரிந்த குழந்தைகளின் முதல் பிறந்தநாள் வீடியோக்களையும் மற்றக் குழந்தைகளின் வீடியோக்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். பெயருக்குத் திரும்புவது, முகம் பார்ப்பது, சுட்டிக் காட்டுவது ஆகியவற்றில் வித்தியாசம் ஒரு வயதிலேயே தெரிந்தது. 2013ல் வந்த இன்னொரு ஆய்வில், கண்ணைப் பார்ப்பது இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளேயே குறைய ஆரம்பிப்பதைக் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். ஐந்து நாடுகளின் குடும்பங்களை வைத்து 2019ல் வந்த ஆய்வு, ஆட்டிசம் வருவதில் ஏறத்தாழ 80 சதவீதப் பங்கு மரபணுவுக்கு என்று கணக்கிட்டது.

திருப்பூர் தங்கச்சி, உங்களிடம் பழைய வீடியோ இருந்தால் தேடிப் பாருங்கள். எல்லாக் குழந்தையிடமும் முன்பே தெரியும் என்று சொல்ல மாட்டேன். நன்றாக இருந்து பின்னால் மாறுகிற குழந்தைகளும் உண்டு. அந்தக் குழந்தைகளையும் சேர்த்துத்தான் ஆய்வுகளில் எண்ணியிருக்கிறார்கள்.

9 ஜனவரி

"ஆராய்ச்சி எல்லாம் கம்பெனிக் காசு." எதிர்பார்த்ததுதான். நியாயமான சந்தேகம், அதனால் நேராகப் பதில்.

டென்மார்க்கில் எல்லாக் குழந்தைக்கும் எண் உண்டு. எந்த ஊசி எப்போது போட்டார்கள், என்ன நோய் கண்டுபிடித்தார்கள் என்பதெல்லாம் அரசுப் பதிவேட்டில் இருக்கும். 1999லிருந்து 2010 வரை பிறந்த 6,57,461 குழந்தைகளை அந்தப் பதிவேட்டின் வழியே தொடர்ந்தார்கள். 6,517 பேருக்கு ஆட்டிசம். எம்.எம்.ஆர் போட்டவர்கள், போடாதவர்கள் இரு பக்கமும் பார்த்தால் போட்டவர்களிடம் அதிகம் இல்லை. அண்ணன் அக்காவுக்கு ஆட்டிசம் இருக்கிற குழந்தைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள், அங்கேயும் இல்லை. பணம் கொடுத்தது டென்மார்க் சுகாதார அமைச்சகமும் நோவோ நார்டிஸ்க் அறக்கட்டளையும். பின்னது ஒரு மருந்து நிறுவனத்தோடு சேர்ந்த அறக்கட்டளைதான், ஆனால் அந்த நிறுவனம் இன்சுலின் விற்பது, எம்.எம்.ஆர் தயாரிப்பதில்லை.

ஜப்பானைப் பாருங்கள். 1993ல் எம்.எம்.ஆரையே நிறுத்திவிட்டார்கள். காரணம் வேறு, அதில் இருந்த பொன்னுக்கு வீங்கி மருந்தின் ஒரு வகையால் சில குழந்தைகளுக்கு மூளை உறை அழற்சி வந்தது. ஊசி நின்ற பிறகு யோகோஹாமாவில் ஆட்டிசம் குறைந்ததா? ஏறிக்கொண்டே போனது.

பாதரசம் என்று எழுதியவருக்கு: எம்.எம்.ஆரில் அது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தியோமர்சால் என்ற அந்தப் பொருள், ஒரே குப்பியிலிருந்து பலருக்குப் போடுகிற வேறு சில ஊசிகளில் கிருமி வளராமல் இருக்கச் சேர்ப்பது. டென்மார்க் 1992ல் அதை நிறுத்தியது. அமெரிக்காவில் 1999ல் முடிவெடுத்து 2001க்குள் குழந்தைகளுக்கான ஊசிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டார்கள், சில ஃப்ளூ ஊசிகள் தவிர. அதற்குப் பிறகும் இரண்டு நாட்டிலும் ஆட்டிசக் கணக்கு ஏறியது. பாதரசம் போனதும், அலுமினியம் என்றார்கள். 2025 ஜூலையில் டென்மார்க்கிலிருந்தே 12 லட்சம் குழந்தைகளை வைத்து அதற்கும் பதில் வந்துவிட்டது: ஆட்டிசம் உட்பட 50 நோய்களில் எதற்கும் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை.

11 ஜனவரி

அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு நிறுவனமான சி.டி.சி.யே மாற்றிச் சொல்லிவிட்டதே என்று நிறையப் பேர். ஆமாம், 2025 நவம்பரில் அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தை மாற்றினார்கள். "தடுப்பூசியால் ஆட்டிசம் வராது என்பது சான்றின் அடிப்படையிலான கூற்று அல்ல" என்று எழுதினார்கள். மாற்றச் சொன்னது சுகாதாரத் துறைச் செயலர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர். பல வருஷமாகத் தடுப்பூசிக்கு எதிராகப் பேசிவந்தவர். புதிதாக ஒரு ஆய்வு வந்து மாறியிருந்தால் நான் உட்கார்ந்து படித்திருப்பேன். ஆய்வு மாறவில்லை, நாற்காலியில் இருப்பவர் மாறினார். அடுத்த மாதமே உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு ஆய்வுகளை மறுபடி அலசித் தொடர்பு இல்லை என்று சொன்னது.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது வேறு. நம் ஊரில் ஒரு ஃபார்வர்டு வந்தால், "பெரிய இடத்தில் என்ன சொல்கிறார்கள்" என்று பார்க்கச் சொல்லி வழிகாட்டினோம். அந்தப் பெரிய இடமே இப்படி ஆனால் நர்சம்மா என்ன சொல்வார்?

12 ஜனவரி

"எங்கள் காலத்தில் ஆட்டிசம் இல்லை."

என் அப்பாவுக்கு ஒரு சித்தப்பா. 1940களில் பழனி பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். யாரோடும் பேச மாட்டார். பஸ் ஸ்டாண்டில் நாள் முழுக்க உட்கார்ந்து வருகிற வண்டிகளின் நம்பரைச் சொல்லிக்கொண்டிருப்பார், வருஷங்கள் கழித்துக் கேட்டாலும் எந்த நம்பர் எந்த ரூட் என்று சொல்வார். சோறு ஒரே தட்டில்தான். தட்டு மாறினால் அன்றைக்குச் சாப்பாடு இல்லை. ஊரில் அவருக்கு வைத்த பெயரை இங்கே எழுத மனம் வரவில்லை. இன்றைக்கு அவரை ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். தட்டம்மைத் தடுப்பூசி உலகத்துக்கே வந்தது 1963ல். லியோ கானர் பதினோரு குழந்தைகளை வைத்து ஆட்டிசத்தைப் பற்றி எழுதியது 1943ல்.

அமெரிக்கக் கணக்கில் 2000ல் 150 பேரில் ஒருவர், 2022ல் 31 பேரில் ஒருவர் என்று ஏறியது உண்மை. வரையறை விரிந்தது, தேடிப் பார்க்கும் பழக்கம் வந்தது, முன்பு மனவளர்ச்சிக் குறைபாடு என்று எழுதிய பிள்ளைகளுக்கு இப்போது சரியான பெயர் கிடைக்கிறது. ஏற்றம் முழுவதையும் இதுவே விளக்கிவிடுமா என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் இருக்கிறது, இருக்கட்டும். தடுப்பூசியைத்தான் தேடிப் பார்த்து விலக்கியாகிவிட்டது.

16 ஜனவரி

பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். மாட்டுப் பொங்கலன்று இதே பேச்சு. "உன் பையனுக்கு ஊசிதானே காரணம்?" என்று பெரியம்மா கேட்டார், அவன் எதிரிலேயே. அவன் பேசுவது குறைவு. காது நன்றாகக் கேட்கும். எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டான்.

17 ஜனவரி

இந்த விவாதத்தில் யாருமே தொடாத ஒரு விஷயம், ரூபெல்லா.

கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதத்தில் ரூபெல்லா வந்தால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரலாம். 1964-65ல் அமெரிக்காவில் பரவியபோது இப்படி 20,000 குழந்தைகள் பிறந்தன. நியூயார்க்கில் ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவர் அவர்களில் 243 பேரைப் பரிசோதித்தார். ஆட்டிசம் பொதுவாக இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. அதாவது ஆட்டிசத்துக்கு வழிவகுக்கும் என்று உறுதியாகத் தெரிந்த தொற்றுகளில் ரூபெல்லா ஒன்று. அதைத் தடுக்கிற மருந்து இந்த ஊசிக்குள்ளேதான் இருக்கிறது!

நமக்குத் தூரமான கதையும் இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் பிறவிக் கண்புரையோடு வந்த குழந்தைகளிடம் ரூபெல்லாவைத் தேடிக் கண்டிருக்கிறார்கள். 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதத்திலிருந்து பதினைந்து வயது வரை எல்லோருக்கும் எம்.ஆர் போடும் முகாமைத் தமிழ்நாடு, கர்நாடகா, புதுச்சேரி, கோவா, லட்சத்தீவில்தான் முதலில் தொடங்கினார்கள். அப்போது என் மகன் சின்ன வகுப்பில் இருந்தான். வாட்ஸ்அப்பில் புரளி கொட்டியது. மலட்டுத்தன்மை வரும் என்றார்கள், வெளிநாட்டுச் சோதனை என்றார்கள். பள்ளி வாசலில் அம்மாக்கள் பிள்ளைகளை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். என்னிடம் ஒருவர், "உனக்கே இப்படி ஆகியும் மறுபடி போடுகிறாயா" என்றார். போட்டேன். அவனுக்கும், பின்னால் பிறந்த அவன் தங்கைக்கும்.

20 ஜனவரி

விருதுநகரிலிருந்து ஒருவர் தனிச்செய்தியில் கேட்டது: "ஊசி விஷத்தை வெளியே எடுக்கிற சிகிச்சை" பற்றி. பதிலைப் பொதுவில் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் பலர் மாட்டுகிறார்கள்.

எங்களையும் ஒரு நகரத்தில் ஒரு சென்டருக்கு அழைத்துப் போனார்கள். முடியை வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். கலர் கலராகக் கோடு போட்ட அறிக்கை வந்தது, உடம்பில் உலோகம் ஏறியிருக்கிறது, மாதாமாதம் சொட்டு மருந்து, டிரிப்ஸ் என்றார்கள். என் கணவர் சரி என்று சொல்கிற நிலையில் இருந்தார். இரண்டு வயதுப் பிள்ளை பேச வேண்டும் என்றால் எந்த அப்பாதான் முடியாது என்பார்? எங்கள் குழந்தை மருத்துவரிடம் அந்த அறிக்கையைக் காட்டியபோது, உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து கால்சியத்தையும் சேர்த்து இழுத்துவிடும் என்று விளக்கினார். 2005ல் அமெரிக்காவில் ஐந்து வயது ஆட்டிசச் சிறுவன் ஒருவன் இந்தச் சிகிச்சையின்போதே இறந்திருக்கிறான். நாங்கள் திரும்பிப் போகவில்லை.

ஊசிதான் காரணம் என்று நம்புகிற பெற்றோரிடம்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. அந்தப் பணமும் அந்த இரண்டு வருஷமும் ஸ்பீச் தெரபிக்கும் ஓ.டி.க்கும் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் பயிற்சி) போக வேண்டியது. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, காசு கிடையாது. சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனம் உண்டு. அங்கே வரிசை நீளம், ஆனாலும் போங்கள்.

22 ஜனவரி

5ஆம் தேதி "போடுங்கள்" என்று ஒரே சொல்லில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். சொல் சரிதான், ஆனால் ஊசியால் எதுவுமே ஆகாது என்று அதற்கு அர்த்தம் இல்லை. காய்ச்சல் வரும். எம்.எம்.ஆர் போட்டு ஒன்றிரண்டு வாரத்தில் சில ஆயிரம் குழந்தைகளில் ஒருவருக்குக் காய்ச்சல் வலிப்பு வரலாம், பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் கெடுதல் வைக்காமல் போய்விடும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லாமல் போட்டால், காய்ச்சல் வந்த வீட்டில் நம்பிக்கை போய்விடுகிறது.

மனிதத் தவறும் உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அந்தக் குடும்பங்களிடம் புள்ளிவிவரம் பேச முடியாது. சமோவா தீவில் 2018ல், எம்.எம்.ஆர் பொடியைத் தண்ணீருக்குப் பதில் தசையைத் தளர்த்தும் மருந்தில் கலக்கிப் போட்டதில் இரண்டு பச்சிளம் பிள்ளைகள் இறந்தன. ஊசி ஒன்றும் செய்யவில்லை, கலந்த கை செய்தது. ஆனால் தடுப்பூசித் திட்டத்தையே மாதக்கணக்கில் நிறுத்தினார்கள், ஜனங்களும் பயந்துபோனார்கள். மறுவருஷம் தட்டம்மை வந்தது. இரண்டு லட்சம் பேர் இருக்கிற நாட்டில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். ஊசி போடாத ஆள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, நாட்டையே இரண்டு நாள் மூடி வீடு வீடாகப் போய்ப் போட்டார்கள்.

24 ஜனவரி

ஸ்கார்பரோவிலிருந்து ஒருவர் "கனடாவில் எல்லாம் தட்டம்மை ஏது, அது ஏழை நாட்டு நோய்" என்கிறார். தம்பி, தட்டம்மையை ஒழித்த நாடு என்ற தகுதியை உங்கள் கனடா 2025 நவம்பரில் இழந்துவிட்டது. டெக்சாஸில் அதே வருஷம் 762 பேருக்கு வந்தது, ஊசி போடாத இரண்டு குழந்தைகள் இறந்தார்கள்.

குடியேறிய சமூகங்களை இந்தப் புரளி எப்படி அடிக்கும் என்பதற்கு அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் வாழும் சோமாலியரைப் பாருங்கள். 2004ல் அவர்கள் குழந்தைகளில் 92 சதவீதம் பேர் எம்.எம்.ஆர் போட்டிருந்தார்கள். தங்கள் பிள்ளைகளிடம் ஆட்டிசம் அதிகமாக இருப்பதாக அந்த அம்மாக்கள் கவலைப்பட்டு விடை தேடியபோது, விடையோடு வந்து நின்றவர்களில் வேக்ஃபீல்டும் ஒருவர். 2014ல் 42 சதவீதம். 2017ல் தட்டம்மை. அந்த அம்மாக்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்ட கேள்விக்கு மரியாதையாக யாரும் பதில் சொல்லாத இடத்தில், பொய்யோடு வந்தவன் மரியாதையாகப் பேசினான்.

27 ஜனவரி

ஆட்டிசத்தோடு வாழும் ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார்: இவ்வளவு பேச்சிலும் எங்களை ஒரு விபத்து மாதிரியே பேசுகிறீர்கள், என்னைப் போல் ஒரு பிள்ளை வருவதைவிடத் தட்டம்மையில் சாவது மேல் என்பதுதானே ஊசி வேண்டாம் என்பவர்கள் சொல்வது, என்று. அந்த வரியை நாள் முழுக்க மனதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஊசி ஆட்டிசத்தை உண்டாக்காது என்று நான் மேலே அடுக்கியது அத்தனையும் உண்மை. ஒருவேளை இவ்வளவு தேடாமலே இருந்தாலும் என் மகன் அன்றைக்கு மாட்டுக்கொட்டகைக்கு எழுந்து போயிருக்கக் கூடாது. தம்பி, நீங்கள் எழுதியது சரி. இனிமேல் அவன் எதிரில் யாரும் காரணம் பேசக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன், பெரியம்மாவிடமும் நேரில்.

30 ஜனவரி

கடைசியாக வந்த கேள்விக்குப் பதில்: ஆட்டிசம் இருக்கிற பிள்ளைக்கே ஊசி போடுவது எப்படி? தொட்டாலே அலறுகிறான், பத்து வயது டி.டி. ஊசிக்கு நாலு பேர் பிடித்தார்கள், இனி ஆஸ்பத்திரி வாசலே மிதிக்க மாட்டேன் என்கிறான் என்று ஓர் அப்பா எழுதியிருக்கிறார்.

பிடிக்காதீர்கள் சார். நாலு பேர் பிடித்தது அவனுக்கு ஊசியைவிடப் பெரிய பயம். எங்களுக்குப் பலித்ததைச் சொல்கிறேன். ஊசி போடும் அறை, நாற்காலி, நர்ஸ், பஞ்சு எல்லாவற்றையும் முன்னாலேயே போய்ப் படம் எடுத்து வந்து வரிசையாகக் காட்டினோம், தினம் ஒரு தடவை. வலிக்காது என்று சொல்லவில்லை. வலிக்கும், அஞ்சு எண்ணுவதற்குள் முடியும் என்றோம். கூட்டம் வடிந்த பிறகு கடைசி ஆளாகக் கூப்பிடச் சொல்லி நர்சிடம் முன்பே கேட்டுக்கொண்டோம், சந்தோஷமாகச் சரி என்றார். மருத்துவரிடம் கேட்டு மரத்துப்போகச் செய்யும் கிரீமை ஒரு மணி நேரம் முன்னால் தடவினோம். காதில் ஹெட்போன். எந்தக் கை என்று அவனே காட்டட்டும். முதல் தடவை போய் உட்கார்ந்துவிட்டு ஊசி போடாமலே திரும்பி வந்தோம், அதற்கு யாரும் திட்டவில்லை.

முடிந்ததும் மேலே பிளாஸ்டர் ஒட்டாதீர்கள். என் மகனுக்கு ஊசியைவிட அதைப் பிய்ப்பதுதான் ஆகாது. பஞ்சை அவனையே அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.